வடக்கே என்றொரு ஊர்

வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. ரொம்ப தூரம் போன ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன். கேட்டு முடிக்கையில் உங்களுக்கும் கால் வலித்தால் என்னைத் திட்டக் கூடாது.

அரிமளத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். தைலமரக் கட்டைகளை லாரியில் ஏற்றிவிட்டு வந்து சொர்ணம் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. பேசியது அவள் புருஷன் சேவுகன். "கால் ஒடஞ்சிருச்சு சொர்ணம். பைப்பு உருண்டு விழுந்துருச்சு. பிலாஸ்பூர் ஆஸ்பத்திரில கெடக்கேன். ஆபரேசன் பண்ணணுங்கறாங்க. நீ வராம கத்தி வைக்க விடமாட்டேன்னுட்டேன். ஒரே குளுருடீ, ரெண்டு போர்வ பத்தல." அதோடு லைன் அறுந்தது. திரும்பக் கூப்பிட்டால் யாரோ இந்தியில் என்னமோ சொன்னார்கள். பிலாஸ்பூர் என்ற சொல் மட்டும் பிடிபட்டது.

"குளுருதுன்னாரா? அப்ப காச்சல்தான். புண்ணுல சீப்புடிச்சிருக்கும். சட்டுன்னு கெளம்பு ஆத்தா" என்றாள் எதிர்வீட்டுச் சுகுணா.

சேவுகன் ஆழ்துளைக் கிணறு போடும் போர்வண்டியில் வேலை பார்க்கிறவன். இலுப்பூர்ப் பக்கம் தோட்டம் தோட்டமாகத் துளை போட்ட வண்டி அது. ஆயிரம் அடிக்குக் கீழேயும் வெறும் புழுதியே வர ஆரம்பித்ததும் முதலாளி வண்டியை வடக்கே ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து சேவுகன் எங்கே என்று கேட்டால் வீட்டில் ஒரே பதில்தான், வடக்கே. ஆந்திராவும் வடக்கு, அதைத் தாண்டினாலும் வடக்கு. போனில் அவன் சொல்லும் ஊர்ப்பேர்கள் மாதத்துக்கு ஒன்றாக மாறும், இவர்கள் வாயில் நுழையாமலே போய்விடும். இதே ஜனம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது, குளத்தூர் பஸ் என்று யாராவது சொன்னால், எந்தக் குளத்தூர், கீரனூருக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று கேட்காமல் ஏறாது. பிலாஸ்பூருக்கு அப்படி யாரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. வடக்கு அவர்களுக்கு ஒரே ஊர், அதில் ஒரு தெரு பிலாஸ்பூர். கொழுந்தன் வெற்றிசெல்வன் செல்போனில் அந்தப் பேரை அடித்தான், முதலில் வந்த ஸ்டேஷனுக்கு டிக்கெட் போட்டான்.

ரயிலில் சொர்ணம் சன்னலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. செம்மண் கறுத்தது, கறுப்பு வெளுத்தது, பிறகு மறுபடியும் சிவந்தது. ஒரு ஆற்றுப்பாலம் வந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்தால் இன்னும் ஓடியது. அத்தனை தண்ணீரையும் மண் திட்டுகளையும் பார்த்தபோது அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. இந்தத் தண்ணிக்கு அங்கிட்டு போய்த்தானா இந்த மனுஷன் மண்ணைத் துளைக்கணும் என்று அலுப்பாக இருந்தது. காடு வந்தது, நிலக்கரி வண்டிகள் வந்தன, பேச்சு மாறிக்கொண்டே போனது. எத்தனை தூரம் போனாலும் இன்னும் தேசம் மிச்சமிருந்தது.

"மதினி, கொஞ்சம் கண்ண மூடுங்களேன்."

"நீ தூங்குப்பா. ரெண்டு பேருல ஒருத்தராவது ஆளா எறங்கணும்ல."

பிலாஸ்பூரில் இறங்கியபோது மாசி வெயில் நம் ஊர்ச் சித்திரை மாதிரி அடித்தது. பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு வார்டாகத் தேடினார்கள். கட்டுப்போட்ட கால்கள் எத்தனையோ இருந்தன, சேவுகன் இல்லை. சுவரோரம் சொர்ணம் அப்படியே குந்திவிட்டாள். அந்த வழியாக வந்த மலையாளத்து நர்ஸ் ஒருத்தி, இவர்கள் பேச்சைக் கேட்டு நின்றாள். நம்பரை வாங்கித் தானே போன் போட்டு இந்தியில் பேசினாள். பேசப் பேச அவள் முகம் மாறியது.

"சேச்சி, இது வேற பிலாஸ்பூரு. உங்க ஆளு ஹிமாச்சல்ல. மலையில, டெல்லிக்கும் மேல. இங்கேந்து ரெண்டு நாளாவது ஆகும்."

வெற்றிசெல்வன் தலையில் அடித்துக்கொண்டான். "ஒரே பேரை ரெண்டு ஊருக்கு வச்சவனை ஒதைக்கணும் மதினி."

"எந்த ஊருன்னு கேக்காத நம்மள யாருப்பா ஒதைக்கிறது?" என்றாள் சொர்ணம்.

நர்ஸ் போனை அவளிடம் நீட்டினாள். "அவரு லைன்ல வந்துட்டாரு. டாக்டர் இன்னைக்கே செய்யணும்னு சொல்றாரு. இவரு சம்மதிக்கலையாம். இனியும் தள்ளுனா காலு பிரச்சினையாகும்."

"வந்துட்டியா சொர்ணம்?" சேவுகனின் குரல் சின்னப்பிள்ளைக் குரலாக இருந்தது. "கேட்டு வாசல்லயா நிக்கிற? வாட்ச்மேன் உள்ள விடலயா?"

சொர்ணம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "காச்சல் விட்டுருச்சா?" என்றாள்.

"காச்சலா? எவ சொன்னா? மலைக்குளுருடீ இது. நீ எங்க இருக்க?"

வெற்றிசெல்வன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

"கிட்டத்துல வந்துட்டேங்க. வழியில வண்டி நின்னு போச்சு. நீங்க டாக்டரு சொல்றபடி படுத்துக்கங்க."

"நீ இல்லாமயா?"

"கண்ணு முழிக்கிறப்ப நா இருக்கணும்னா இப்ப நீங்க கண்ண மூடணும்ல. மூடுங்க."

அங்கிட்டு அவன் போர்வையை இழுத்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி. மெதுவா வா" என்றான்.

டெல்லி போகும் ரயிலில் இடம் பதிவு செய்ய நேரமில்லை. பொதுப்பெட்டியில் ஏறி, கக்கூஸ் ஓரம் வெற்றிசெல்வன் நின்றான். நிற்க முடியாமல் நின்ற சொர்ணத்துக்கு ஒரு அம்மாள் பிள்ளையை மடியில் தூக்கிவைத்துக்கொண்டு இடம் விட்டாள். மறுநாள் விடிந்தபோது வெளியே கண்ணுக்கெட்டின மட்டும் கோதுமை நின்றது. ஆபரேசனை முடித்துவிட்டார்களோ இல்லையோ, முழித்திருப்பாரோ, தேடியிருப்பாரோ. கேட்கலாமென்றால் அந்த நம்பர் எடுபடவில்லை. அந்த அம்மாள் முந்தானையில் பச்சைப் பட்டாணியைக் கொட்டி உரிக்கத் தொடங்கினாள். சொர்ணத்தின் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் ஒரு கை அள்ளி இவள் மடியிலும் போட்டாள். சொர்ணம் ஒவ்வொரு காயாகப் பிளந்தாள், உள்ளே இருந்த மணி எதுவும் கீழே சிந்தாமல். ரயில் வடக்கே போய்க்கொண்டிருந்தது.

உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் போனவர்களும், போனபோது இருந்த உடம்போடு திரும்பிவந்து உங்கள் வாசலில் செருப்பைக் கழற்றட்டும், கண்ணுகளா. அவர்களுக்குப் போடுகிற சோறு உங்கள் வீட்டில் ஆறாமல் இருக்கட்டும்.