ரிப்பன் முடிச்சு

லிங்கசாமி போட்ட முடிச்சு அவிழாது. சோமனூரில் விசைத்தறி ஓட்டுகிறவர். அவர் முடிந்த இழையைத் தறி என்ன உதறு உதறினாலும் விடாது. போலியோவில் கால் சூம்பிய மகள் அமராவதி காலில் மாட்டும் இரும்புக் காலிபரிலும் அதே முடிச்சுத்தான். ஆஸ்பத்திரியில் கொடுத்தபோது அந்த இரும்புக்கு பக்கிள் வைத்த தோல்வார் இருந்தது. அது இற்றுப்போனதும் நாடா வாங்கிக் கோத்தார். காலையில் அவர் கட்டுவார். ஷிப்டு முடிந்து வந்து அவரே அவிழ்ப்பார். அதுவரை இரும்போடுதான் இருப்பாள்.

எட்டாவது முடித்ததும், கோயமுத்தூரில் ஒரு பள்ளிக்கூட ஹாஸ்டலில் இடம் கேட்டுப் போனார்கள். இந்த இடம் கிடைக்காவிட்டால் படிப்பு அதோடு சரி.

"அதக் கழட்டி நீயே மாட்டிக் காட்டு கண்ணு," என்றார் வார்டன். "தெரிஞ்சா சேத்துக்கறேன். இங்க மாட்டிவிட ஆளில்ல."

அமராவதி பெஞ்சில் உட்கார்ந்து முடிச்சை நகத்தால் நிமிண்டினாள். அசையவில்லை. பஸ்ஸில் நழுவிவிடுமோ என்று பயந்து லிங்கசாமி அன்றைக்கு ஒரு சுற்று கூடவே போட்டிருந்தார்.

"நான் அவுத்துத் தாறனுங்க," என்று குனிந்தார்.

"நீங்க கட்டுனதுங்களா?"

"ஆமாங்க. நான் கட்டுனா கட்டுனதுதானுங்க."

"அப்ப உங்களத்தான் ஹாஸ்டல்ல சேக்கோணும்."

லிங்கசாமிக்கு முகம் சுண்டிப்போனது.

"அப்பா, உங்க கத்தரியக் குடுங்க," என்றாள் அமராவதி.

நூல் வெட்டும் கத்தரி எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். தயங்கிக் கொடுத்தார். அவள் முடிச்சுகளை வெட்டி இரும்பைக் கழற்றினாள். மறுபடி காலை உள்ளே வைத்து, மிச்ச நாடாவில் பூப்போல முடிச்சுப் போட்டாள். சடைக்கு தினமும் அவளே போடுகிற ரிப்பன் முடிச்சு.

"அது நிக்காது கண்ணு," என்றார் லிங்கசாமி.

"பாக்கலாமுங்க."

முழங்கால் மடங்காமல் பூட்டும் வளையத்தைத் தட்டி இறக்கி, ஊன்றுகோலோடு எழுந்தாள். பாதி அறை தாண்டுவதற்குள் தொடை நாடா நழுவியது. லிங்கசாமியின் கை தானாக நீண்டது. வார்டன் அசையாமல் நிற்பதைப் பார்த்து இழுத்துக்கொண்டார். அமராவதி சுவரில் சாய்ந்தாள். அவிழ்த்து, இன்னும் இறுக்கி, மறுபடி பூப் போட்டாள். மேசை வரைக்கும் நடந்தாள்.

"சாயங்காலம் பெட்டியோட வாங்க," என்றார் வார்டன்.

வெளியே வந்ததும் லிங்கசாமி கேட்டார்: "நடுவழில அவுந்துச்சுன்னா?"

"கட்டிக்கறனுங்க."

லிங்கசாமி கையை நீட்டினார்.

"அப்ப அந்தக் கத்தரியக் குடு. தறிக்கு வேணும்."