பூவாடை போன வீடு

பாண்டுரங்கன் எதையும் முன்கூட்டியே செய்துவிடுகிற ஆள். காலைப் பேருந்துக்கு விடியும்போதே போய் நிறுத்தத்தில் உட்கார்ந்திருப்பான். பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைக்கிறவன் என்று சாலவாக்கம் பக்கத்து அந்தச் சின்ன ஊரில் அவனைக் கேலி பேசுவார்கள். மகன் வசந்த்குமாருக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை, சுங்குவார்சத்திரத்தில் வாடகை வீடு. அங்கேயே ஒரு மனை வாங்கிப்போட்டவன், "நான் வூடு கட்டினதும் ரெண்டு பேரும் இங்கயே வந்துடுங்க நைனா, ஊர் வூட்ட வித்துடலாம்" என்றான். மறுநாளே பாண்டுரங்கன் சுண்ணாம்பு வாங்கக் கிளம்பிவிட்டான். மனையில் அப்போது ஒரு செங்கல்கூட விழுந்திருக்கவில்லை.

அவன் பெண்டாட்டி சிட்டம்மாள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். தளம் ஒழுகின இடத்தில் சிமெண்ட் பூசினான். குளியலறைக்குப் புதுக் கதவு வந்தது. கம்பளிப்பூச்சி விழுகிறதென்று முருங்கை மரத்தை வெட்டிச் சாய்த்தான். குடியிருந்த இத்தனை வருஷத்தில் ஒரு ஆணி அடிக்கச் சொன்னால் அடிக்காதவன், யாருக்கோ விற்கப்போகிற வீட்டுக்கு இந்த ஜோடனை செய்கிறானே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் வீடு போவதில் அவளுக்குப் பெரிய வருத்தம் இல்லை. நடு அறையின் மூலையைப் பற்றித்தான் கவலை.

அந்த மூலையில் சந்தியா இருந்தாள். பன்னிரண்டாவது படிக்கும்போது காய்ச்சலில் போன மகள். கன்னியாகச் செத்தவளை அந்தப் பக்கத்தில் அப்படியே விட்டுவிடுவதில்லை. ஏரிக்கரையில் பம்பை அடித்துப் பேர் சொல்லி அழைப்பார்கள். யார் மேலாவது இறங்கி, வருகிறேன் என்று அவள் வாய்விட்டுச் சொன்ன பிறகு, பூ சுற்றிய செம்பில் வீட்டுக்குக் கூட்டிவருவார்கள். மஞ்சள் நனைத்த புதுத் துணியை ஒரு சட்டிக்குள் வைத்து மூலையில் இருத்தினால், அன்றிலிருந்து அவள் அந்த வீட்டுப் பூவாடைக்காரி. வருஷா வருஷம் துணி மாற்றிப் படைப்பார்கள். மற்றவர்களுக்கு அது சாமி. சிட்டம்மாளுக்குச் சந்தியா. குழம்பு கொதிக்கும்போது, "உப்பு ஜாஸ்தின்னு மொகத்த சுளிக்காத, இன்னிக்கு சரியாத்தான் போட்டுக்கீறேன்" என்று மூலையைப் பார்த்துச் சொல்வாள். பைத்தியமெல்லாம் இல்லை. பேச ஆள் இருந்தது, பேசினாள்.

தரகன் சின்னப்பையன் வந்தான். வாசற்படியைத் தாண்டவில்லை.

"வூடு ஜோராத்தான் கீது அண்ணே. ஆனா உள்ள பூவாட கீதுன்னு ஊருக்கே தெரியும். அடுத்தவங்க வூட்டுப் பொண்ண வெச்சிக்கினு எவன் குடி இருப்பான்? மொதல்ல அத்த இட்டுக்கினு போயிடுங்க."

பாண்டுரங்கனுக்கு அந்தச் சொல் போதும். அன்றைக்கே பம்பைக்காரருக்குச் சொல்லி அனுப்பினான்.

"இன்னாயா இது?" சிட்டம்மாளுக்குத் தாங்கவில்லை. "புது வூடு கட்டி பால் காச்சும்போதுதானே கூப்புடுவாங்க? இப்ப எங்க கொண்டுபோய் வெப்ப?"

"பையன் கீற வாடக வூட்ல கொஞ்ச நாள் இருக்கட்டுமே. கடசி நேரத்துல ஓடிக்கினு இருக்க முடியாது. முன்னாடியே முடிச்சிட்டா பேஜார் இல்ல."

பம்பை அடித்தார்கள். சந்தியா அவள் அத்தை மங்கம்மாவின் மேல் வந்தாள். முடி அவிழ்ந்து ஆடினவள் முன்னால் பாண்டுரங்கன் கற்பூரத் தட்டோடு நின்றான்.

"அண்ணன் வூட்டுக்குப் போறியாம்மா?"

"அம்மா வருதா?"

"வராம? பின்னாலயே வந்துடுவோம். சத்தியமா."

பொய் சொல்லாதய்யா என்று சிட்டம்மாளுக்குத் தொண்டை வரை வந்தது. போகச் சம்மதித்த பெண்ணைக் கலங்கடித்து அனுப்பக்கூடாது என்று முழுங்கிக்கொண்டாள். அன்று சாயங்காலம் வசந்த்குமார் வந்து சட்டியை மடியில் வைத்துக்கொண்டு வேனில் போனான். மூலையில் இருந்த மஞ்சள் கறையின் மேல் பாண்டுரங்கன் மறுநாளே வெள்ளையடித்துவிட்டான்.

வீடோ விற்கிற வழியைக் காணோம். வந்தவர்களில் ஒருவனுக்குத் தெரு குறுகலாக இருந்தது, இன்னொருவனுக்கு வாசல் திசை சரியில்லை. பூட்டிக் கிடக்கிற வீடு விலை போகாது என்று சின்னப்பையன் சொல்லிவிட்டதால், கிளம்பி மகனோடு போகவும் முடியவில்லை. அங்கே மனையில் அஸ்திவாரம் போட்டதோடு வேலை நின்றுவிட்டது. ஆடி போயிற்று, ஐப்பசி மழையும் போயிற்று. சமைக்கும்போது சிட்டம்மாளுக்கு வாய் தன்னால் மூலைப் பக்கம் திரும்பும். அங்கே வெள்ளைச் சுவர் பளிச்சென்று இருக்கும். சொந்த வீட்டிலேயே அநாதையாகிப் போனாள். புருஷனுக்குச் சோறு போடும்போதெல்லாம் அவனை வெறுத்தாள்.

மகனுக்குப் போன் போட்டால் ஒரே கேள்விதான். "தங்கச்சிக்கு வெளக்கு ஏத்துறியாடா?"

"ஏத்தறேன்மா. வெச்சிடட்டா, டூட்டிக்கு டைமாச்சி."

தை பிறந்ததும் பெருநகர்க்காரர் ஒருவர் வந்து முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார். சிட்டம்மாள் அடுத்த நாளே உத்திரமேரூருக்குப் போய், சந்தியாவுக்குப் பிடித்த அரக்குக் கலரில் ஒரு சுடிதார் எடுத்துவந்தாள். இந்த வருஷத் துணியைத் தன் கையால் மாற்றவேண்டும்.

"இப்ப இன்னா அவசரம்? அப்பால போலாம்" என்றான் பாண்டுரங்கன். ஆயுசில் அவன் எதையாவது அப்பால என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சிட்டம்மாள் அவன் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தனியாகவே பஸ் ஏறினாள்.

வசந்த்குமாரின் வீட்டில் சட்டி இருந்த இடத்தில் துவைத்த துணிகள் குவிந்திருந்தன. அவள் கேட்பதற்கு முன்னால் அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஹவுஸ் ஓனர் பாத்துட்டார்மா. செத்தவங்கள வெச்சி படைக்கிறதுக்கா வூடு வுட்டேன், இப்பவே காலி பண்ணுன்னு ஒரே சண்ட. சட்டிய ஏரில வுட்டுட்டேன். நைனாவுக்கு அப்பவே சொல்ட்டேன். வூடு முடியற வரைக்கும் ஒன்கிட்ட சொல்லாதன்னு சொன்னாரு."

"எப்படா?"

"ஐப்பசில."

அந்த மழையிலா என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. காய்ச்சலில் போன பெண். அதற்கப்புறமும் எத்தனை நாள், ஏத்தறேன்மா, ஏத்தறேன்மா என்று சொன்னான் பாவி. அவனை அடிக்கக் கை வரவில்லை. "எந்த ஏரி, காட்டு" என்று மட்டும் சொன்னாள்.

கம்பெனி மதில் ஓரமாக, ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தது தண்ணீர். சிட்டம்மாள் கரையில் உட்கார்ந்து சுடிதாரை மடியில் விரித்தாள். பம்பை இல்லை, கற்பூரம் இல்லை. இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, பெற்றவள் கூப்பிட்டால் வராமலா போய்விடுவாள்?

"சந்தியா" என்று கூப்பிட்டாள். "அம்மா வந்துக்கீறேன் பாரு. வாடி, நம்ம வூட்டுக்கு..."

அதற்கு மேல் வரவில்லை. எந்த வீட்டுக்கு என்று சொல்லித்தானே அழைக்கவேண்டும்? ஊர் வீட்டுக்கு முன்பணம் வாங்கியாகிவிட்டது. மகன் இருக்கிற வீட்டில் அவளை வைக்க விடமாட்டார்கள். மனையில் அஸ்திவாரத்தின் மேல் புல் முளைத்துக் கிடக்கிறது. பேரைச் சொல்லி எழுப்பிவிட்டு, வா என்று சொல்ல ஒரு இடமில்லாமல் தாய் உட்கார்ந்திருந்தாள்.

"போலாம்மா, எழுந்திரு" என்றான் பின்னால் நின்ற வசந்த்குமார்.

"எங்கடா?" என்றாள் சிட்டம்மாள்.