கலெக்டர் எந்தப் பங்கில் சேர்த்தி?

1

"நாய்க்கு வாய் வலிச்சா அது எதால சொல்லும்?"

கேட்டவள் சினேகா, எங்கள் மாடி வீட்டுக் குழந்தை, யு.கே.ஜி. படிக்கிறாள். நான் அப்போது சாமி படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தேன். பதில் தெரியாத கேள்விகளை மேலிடத்துக்கு அனுப்பிவிடுவது என் வழக்கம். "அதெல்லாம் சாமிக்குத் தெரியும்மா" என்றேன். "சாமி டாக்டரா?" என்றாள். பூஜை அத்தோடு நின்றது. கதை தொடங்கியது.

இதன் பூர்வீகம் இவ்வளவுதான். உண்மைச் சம்பவம் என்று சொல்லி உங்களிடம் இரக்கம் வாங்கப் பார்க்கவில்லை. எர்ணாவூர் பக்கம் நீங்கள் பார்க்கப்போகும் மீனவர் குப்பம் நான் கட்டியது. கடல் மட்டும் ஏற்கெனவே இருந்தது.

2

முதல் தொடக்கம்:

கரிய வானத்தின் கீழே எண்ணூர்க் கடல் காயம்பட்ட ஒரு விலங்கைப் போல முனகிக்கொண்டி—

வேண்டாம். கடல் முனகாது. முனகியது நாய். நேரம் வேறு பட்டப்பகல்.

இரண்டாவது தொடக்கம்:

கலெக்டரின் வாயிலிருந்து ரத்தம் வழிந்தது.

இது தேவலை. ஆனால் உடனே விளக்கம் சொல்லாவிட்டால் என்மேல் வழக்கு வரும். கலெக்டர் என்பது நாயின் பெயர். செம்பட்டை நிறம், ஒரு காது மடிந்திருக்கும். காலையில் குப்பத்து வாசல்கள் ஒவ்வொன்றிலும் நின்று, உள்ளே எட்டிப் பார்த்து, எதுவும் செய்யாமல் அடுத்த வாசலுக்குப் போகும். அதனால் அந்தப் பெயர். [அந்தப் பதவியில் இருப்பவர்கள் மன்னிக்கவும். நாயிடமும் கேட்டுக்கொண்டேன்.] சுற்றுப்பயணம் முடிந்தபின் கரையில் குவித்திருக்கும், எத்திராஜ் என்ற மீனவனின் படகு வலைமேல் ஏறிப் படுத்துக்கொள்ளும். பிறகு காக்கை, பன்றி, பக்கத்துக் குப்பத்து நாய், எதுவும் வலையை அண்ட முடியாது.

3

எத்திராஜுக்கு ஒரு ஃபைபர் படகு, ஒரு மனைவி. மனைவி பெயர் கன்னியம்மா. முதல் பிரதியில் அவள் நாயை உயிராக நேசித்தாள். அவளே அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. எழுதிய நாலாவது வரியில் வாயைத் திறந்தாள்:

"அந்தக் கஸ்மாலத்துக்கு கலெக்டர்னு பேரு ஒரு கேடா. நேத்து கூட என் கூடைலேந்து வஞ்சிரம் ஒரு துண்ட கவ்விகினு ஓடிச்சு."

சரி, நேசம் வேண்டாம் என்று அடித்துவிட்டேன். திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறவளிடம் நான் வாதாடுவானேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது இது. கரையோரக் கற்களின்மேல் உட்கார்ந்து தூண்டில் போடுகிறவர்கள் யாரோ இரையோடு தூண்டில் முள்ளை விட்டுப் போயிருந்தார்கள். கலெக்டர் அதை விழுங்கிவிட்டது. வாயோரம் நைலான் நூல் தொங்க, நேராகக் கன்னியம்மாவிடம் வந்து நின்றது. அவள் மீன் அரிந்துகொண்டிருந்தாள்.

அந்த இடத்தில் நீங்களோ நானோ அலறியிருப்போம். அவள் அலறவில்லை. மீன் வாயிலிருந்து முள் எடுத்துப் பழகிய கை அது. நாயின் கழுத்தை முழங்காலில் அமுக்கி, நூலை விரலில் சுற்றி, ஒரே இழுப்பு. மீனுக்கு அப்படித்தான் செய்வார்கள். முள் எடுத்த பிறகு மீன் உயிரோடு இருக்கத் தேவையில்லை என்பதுதான் வித்தியாசம்.

நூல் அறுந்து கையோடு வந்தது. முள் வரவில்லை. பத்தடி தள்ளி இன்ஜினைத் துடைத்துக்கொண்டிருந்த எத்திராஜ் நிமிர்ந்து பார்த்தான்.

4

நாயை ஐஸ் பெட்டியில் வைத்துத் தூக்கிவந்தார்கள். ஒரு பக்கம் எத்திராஜ், மறுபக்கம் அவனோடு கடலுக்குப் போகும் கோதண்டம். பின்னால் கன்னியம்மா. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் மருந்துக்கடை மாடியில் ஒரு சின்ன பிராணிகள் கிளினிக். டாக்டர் லுப்னா எக்ஸ்ரேயை விளக்குக்கு எதிரே பிடித்தார்.

"முள் உணவுக்குழாய்ல நல்லா ஏறியிருக்கு. யாராவது நூலைப் பிடிச்சு இழுத்தீங்களா?"

கன்னியம்மா வாயெடுப்பதற்குள் எத்திராஜ் சொன்னான்: "நான்தாம்மா இழுத்தேன். தெரியாம பண்ட்டேன்."

டாக்டர் அவனை நன்றாகத் திட்டினார். அவன் தலையைக் குனிந்து முழுவதையும் வாங்கிக்கொண்டான். கன்னியம்மா சுவரிலிருந்த தடுப்பூசி விளம்பர நாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேமரா குழாய் விட்டு எடுத்துப் பார்க்கலாம். வரலைன்னா நெஞ்சைத் திறக்கணும். நாற்பதாயிரம் வரைக்கும் ஆகும். பிழைக்கும்னு என்னால வாக்குத் தர முடியாது. வேண்டாம்னா வலியில்லாம நிரந்தரமா தூங்க வெச்சிடலாம். எதுவா இருந்தாலும் இப்பவே சொல்லணும், உள்ளே ரத்தம் கசியுது."

(இங்கே ஒரு வாசகர் கை தூக்குகிறார்: வேப்பேரியில் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறதே, செலவு குறையுமே? எத்திராஜும் அதைத்தான் கேட்டான். டாக்டர் ஜன்னலைக் காட்டினார். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் கண்ணுக்கு எட்டியவரை நின்றிருந்தன. டிரைவர் ஒருவர் இறங்கி ஷேவிங் செய்துகொண்டிருந்தார். "அவ்வளவு நேரம் தாங்காது" என்றார் டாக்டர்.)

5

வராந்தாவில் பேச்சு வேறு திசையில் போனது. கடல் தொழிலில் வருமானத்தைப் பிரிக்க ஒரு முறை உண்டு. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவை முதலில் எடுத்துவிட்டு, மீதியைப் படகுக்கு, இன்ஜினுக்கு, வலைக்கு, ஆட்களுக்கு என்று பங்கு போடுவார்கள். எது பழுதானாலும் அதனதன் பங்கில் செலவு.

"அண்ணாத்தே, டீசல் செலவோட போட்டுரு" என்றான் கோதண்டம். "டீசலு, ஐஸு, நாயி. அப்பறமா பிரிச்சிக்கலாம்."

"நாயி இன்னா கடலுக்கா வருது? மத்தவனுங்க ஒத்துப்பானுங்களா?"

"சரி, பொதுச் செலவு வேணாம். இஞ்சின் பங்கு?"

"இஞ்சினாவது ஒதைச்சா கேக்கும்."

கோதண்டம் தாடையைச் சொறிந்தான். "வலைமேலதான படுத்துகினு கீது? வலைய பாத்துக்குது. வலை கிழிஞ்சா தைக்கிற கூலி எதுல போவும்?"

"வலைப் பங்குல."

"அவ்ளோதான் மேட்டரு. நாயி வலைல சேர்த்தி."

இருவரும் மெல்லத் திரும்பிக் கன்னியம்மாவைப் பார்த்தார்கள். வலை அவளுடையது. மகளிர் குழுவில் கடன் வாங்கி அவள் போட்டது. வலைப் பங்கு அவள் கைக்குத்தான் வரும். பழைய வலை பொத்தலாகிவிட்டதால், புதிது வாங்க அதைத்தான் சேர்த்துவைத்திருந்தாள்.

"இன்னாய்யா பாக்குறீங்க ரெண்டு பேரும்" என்றாள். "தட்டு கழுவச் சொன்னா காது கேக்காது. என் துட்டு எதுல போவணும்னு மட்டும் வக்கீலாட்டம் பேசுறீங்க."

"அண்ணி, நான் ஞாயத்த சொன்னேன்."

"உன் ஞாயத்த ஐஸ் பொட்டில வெச்சு மூடு."

6

இந்த இடத்தில் எனக்கு ஒரு சபலம். நான் நீதிபோதனையில் நம்பிக்கை உள்ளவன். கன்னியம்மா உண்மையைச் சொல்லிவிட்டால் எனக்கும் நிம்மதி. எழுதிப் பார்த்தேன்:

"யோவ், இழுத்தது நானு. நீ எதுக்குப் பொய்—"

"டீ குடிக்கிறியா மே?" என்று எத்திராஜ் எழுந்துவிட்டான். மறுபடி எழுதினேன். மறுபடி டீக்கு எழுந்தான். அவனுக்கு அந்தப் பேச்சு வேண்டாம் என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது. சில ஆண்கள் தாலி கட்டியதோடு சரி. சில பேர் இப்படி எப்போதாவது, கேட்காமலே, திட்டை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

அவர்கள் டீக்குப் போனதும் கன்னியம்மா ஐஸ் பெட்டியைப் பார்த்தாள். கலெக்டர் தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் அவள் பக்கம் திருப்பியது. அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

வடிவுடையம்மனிடம் மனசுக்குள் பேரம் பேசினாள். 'தாயே, புது வலை இல்லன்னா நாலு வூட்டு அடுப்பு எரியாது. இது ஒரு திருட்டு நாயி. நீயே சொல்லு.' அம்மன் ஒன்றும் சொல்லவில்லை. [அம்மனுக்கு வசனம் எழுத எனக்குத் துணிச்சல் இல்லை.] 'சரி, நீ சொல்லமாட்ட. அது எல்லார் வூட்டு வாசலையும் வுட்டுட்டு என்கிட்ட ஏன் வந்து நின்னுச்சு? அதையாவது சொல்லு.'

அவள் எழுந்து டாக்டர் அறைக் கதவைத் திறந்தாள்.

"டாக்டரம்மா, பண்ணுங்க. துட்டு நான் கட்றேன்."

டீயோடு திரும்பிய எத்திராஜிடம் சொன்னாள்: "வலைய இன்னும் கொஞ்ச நாளு தைச்சு ஓட்டுவோம். ஒண்ணியும் பேசாத."

கோதண்டம் மட்டும், "ராத்திரிக்கு நானும் தைக்க வர்றேன் அண்ணி" என்றான். அவள் திட்டவில்லை.

7

முடிவுகள்.

அ. கலெக்டர் பிழைத்து, தையலைக் கடிக்காதபடி கழுத்தில் புனல் மாட்டிக்கொண்டு மறுபடி சுற்றுப்பயணம் கிளம்புகிறது.

ஆ. நெஞ்சைத் திறந்த பிறகு இதயம் நின்றுவிடுகிறது. எத்திராஜ் காலி ஐஸ் பெட்டியைத் தனியாகத் தூக்கி வருகிறான்.

இ. டாக்டர் மனமிரங்கி, காசே வேண்டாம் என்கிறார். (எனக்குப் பிடித்த முடிவு இது. எக்ஸ்ரே இயந்திரத்துக்கு அவர் தவணை கட்டுகிறார் என்பது நினைவுக்கு வந்து அடித்துவிட்டேன்.)

அ, ஆ இரண்டில் எது என்பதை நான் சொல்லப்போவதில்லை. டாக்டரே வாக்குத் தரவில்லை. உங்கள் மனசு எதைத் தாங்குமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். எதை எடுத்தாலும் அதன்பின் வருவது ஒன்றுதான்.

மறுநாள் மதியம். ஆண்கள் தூக்கத்தில். பெண்கள் மார்க்கெட்டில். கன்னியம்மா ஒரு காலி பெயின்ட் டப்பாவோடு கரையோரக் கற்களுக்கு வருகிறாள். கல் ஒவ்வொன்றின் இடுக்கிலும் குனிந்து, சிக்கிக் கிடக்கும் நூலைப் பார்க்கிறாள். இந்தமுறை இழுக்கவில்லை. முள் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று பார்த்து, வந்த வழியே தள்ளிக் கழற்றி, டப்பாவில் போடுகிறாள். ஒன்று விரலில் ஏறுகிறது. வாயில் வைத்துச் சப்பிவிட்டு அடுத்ததை எடுக்கிறாள். கல் சுடுகிறது.

இதைப் பார்த்தவர் யாருமில்லை. நானும் எழுதினேனே தவிர, பார்க்கவில்லை. நீங்களும் படித்ததோடு விட்டுவிடுங்கள். எத்திராஜிடம் சொல்ல வேண்டாம்.

முட்களால் டப்பாவின் அடி மறைந்துவிட்டது. அவள் அடுத்த கல்லுக்குப் போகிறாள்.