ஓராள் இடம்

ஓராள் இருக்கவென்று ஜெகதீஸ்வரி செய்த முதற் கதிரை மூன்றாம் மாதம் நீண்டு, பலர் இருக்கும் வாங்காகிவிட்டது. வெங்காய விலை ஏறியதைக் கதைத்ததுபோல இதையும் கிளிநொச்சிச் சனம் இரண்டு நாள் கதைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனது.

மொறட்டுவையில் வடிவமைப்புப் படித்த ஜெகதீஸ்வரி, கொழும்பு வேலையை உதறிவிட்டு இரணைமடு வாய்க்காலோரம் பட்டறை போட்டிருந்தாள். புற்றுமண், வைக்கோல், பனந்தும்பு, சுண்ணாம்பு எல்லாம் சேர்த்து, முன்பு நெற்கூடுகளுக்குப் பூசிய கலவைதான் அவளுடைய சரக்கு. அதை அச்சில் அழுத்தி, கால் மெலிந்த, முதுகு வளைந்த கதிரைகளாக்கினாள். கலவையை மிதித்தவர் அவளுடைய தகப்பன் சிற்றம்பலம். கதிரிலிருந்து நெல்லைப் பிரிக்கச் சூடு மிதிக்கும்போது, நெல் பெருகட்டும் என்று "பொலி, பொலி" என்பது வயற்காரர் வழக்கம். வெட்டுமெசின் வந்தபின் அந்தச் சொல்லுக்கு வேலை இல்லாமற் போயிருந்தது. காலில் வைக்கோல் பட்டதும் மனுசனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. நெல்லுக்குச் சொல்வதைக் கதிரைக்குச் சொன்னால் கதிரை என்ன செய்யும், பெருகத்தான் செய்யும்.

"அப்பா, வாயை மூடிக்கொண்டு மிதியுங்கோ" என்றாள். பேசாமல் மிதித்துச் செய்த கதிரைகள் அளவு மாறவில்லை, ஆனால் ஆள் இருந்தவுடன் வெடித்துப் பிளந்தன. வவுனியாவில் தளபாடக் கடை வைத்திருந்த பிரதாபன், ஹோட்டல் ஒன்றுக்காகக் கதிரைகள் கேட்டிருந்தான். அவன் வேண்டாம் என்றால் பட்டறையைப் பூட்டிவிட்டு அவள் திரும்பக் கொழும்புக்குத்தான். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் வெடிக்கிற கதிரையை விற்கமாட்டேன் என்று தகப்பனை மறுபடி வாய்விட்டு மிதிக்கச் சொன்னாள்.

பிரதாபன் லொறியோடு வந்து, நீண்டு கிடந்த கதிரைகளைப் பார்த்துக் கத்தினான். "நான் தனி ஆள் கதிரை எல்லோ கேட்டனான்?"

"அளவை விடுங்கோ. முதல்ல இருங்கோ, சாப்பிடுவம்" என்றாள் ஜெகதீஸ்வரி.

தகப்பனும் மகளும் இருந்த வாங்கில் ஓராளுக்கு இடம் மிச்சம் இருந்தது. அவன் இருந்தான். மீன்குழம்பு ஊற்றிச் சோறு பிசைவதற்குள் அவனுக்குப் பக்கத்தில் இன்னும் ஓராள் இடம் வந்துவிட்டது. அவன் அதைப் பார்த்தான், சாப்பிட்டு முடித்தான், எல்லாவற்றையும் லொறியில் ஏற்றச் சொன்னான்.

அதன்பின் வன்னியில் பல வீடுகளுக்கு அந்தக் கதிரை வந்தது. எத்தனை பேர் இருந்தாலும் ஓராள் இடம் மிச்சம் வைக்கும். அவ்வளவுதான் அதன் கணக்கு. முல்லைத்தீவுக் கரையில் தனியே இருந்த ஞானமலர் வீட்டுக் கதிரை மட்டும் இரண்டாள் இடம் வைத்தது. செய்பிழையாக்கும் என்று ஜெகதீஸ்வரி பஸ் ஏறிப் போனாள். கதிரையின் நடுவில், தோய்த்து மடித்த ஆம்பிளைச் சேட்டு ஒன்று இருந்தது. அவள் அதன் பக்கத்தில் கைவைத்ததும் ஞானமலர் மெல்லத் தடுத்தா.

"அது டினோஜன்ர இடம். கடைசிச் சண்டையில காணாமல்போன என்ர மகன், வருவான். நீங்கள் இஞ்சால இருங்கோ, பிள்ளை. அதுக்குத்தான் கதிரை மற்றப் பக்கமும் ஓராள் இடம் விட்டிருக்கு."

ஜெகதீஸ்வரி இருந்தாள். ஞானமலர் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனா.