ஏற்றாமல் விட்ட ஏஸ்

யூனிஸுக்கு நல்ல சீட்டு வந்தால் முகம் வாடிவிடும். மற்றவர்களுக்கு வாயெல்லாம் பல்லாகிற இடத்தில், இதை வைத்து யாரை வருத்தப்பட வைக்கப்போகிறோமோ என்ற கவலை அவளை முந்திக்கொள்ளும். இப்படி ஒரு மனசோடு போக்கர் ஆட வந்ததே தப்புதான். ஆனாலும் ஞாயிறு ஆராதனை முடிந்து, சாப்பாடும் ஆனபிறகு, சபை நண்பர்கள் செம்பாக்கத்தில் ஜெபகுமார் வீட்டில் கூடிவிடுவார்கள். காசு கிடையாது, வெறும் பிளாஸ்டிக் வில்லைகள். கடைசிவரை நிற்பவர் அடுத்த ஞாயிறு வரை ஜம்பம் அடித்துக்கொள்ளலாம், அதுதான் பரிசு.

அன்றைக்கு அவள் மனசு சீட்டிலேயே இல்லை. தாம்பரத்தில் அவள் இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் துணை முதல்வர் பதவிக்கு அவளைக் கேட்டிருந்தார்கள். பல வருடம் ஆசைப்பட்ட பதவி. மாலைக்குள் தாளாளருக்குப் பதில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிடுவதாக முடிவு செய்திருந்தாள். அவள் கணவன் காலேப் வேலை போய், பொங்கலிலிருந்து வீட்டில் இருக்கிறான். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவானேன் என்று அவனிடம் வாயே திறக்கவில்லை.

மற்றவர்கள் தோற்றுக் கிளம்பிவிட, ஆட்டத்தில் அவளும் காலேப்பும் ஜெபகுமாரும்தான் மிச்சம். காலேப்பின் வில்லைகள் கரைந்து கொஞ்சமே இருந்தன. அந்த நேரம் பார்த்து யூனிஸின் கையில் இரண்டு ஏஸ் வந்து விழுந்தன. அதைவிடப் பெரிய தொடக்கம் இந்த ஆட்டத்தில் கிடையாது. வந்தவுடன் பந்தயத்தை ஏற்றிவிட வேண்டும். இல்லையென்றால் போகிறவன் வருகிறவனெல்லாம் ஓசியில் உள்ளே நுழைந்து, எல்லோருக்கும் பொதுவாக நடுவில் விழும் சீட்டில் தேறிவிடுவான். இது அவளுக்கு நன்றாகவே தெரியும். ஏற்றினால் காலேப் மொத்தத்தையும் வைத்துவிட்டு அவள் கையாலேயே வெளியேறுவான் என்பதும் தெரியும். அவள் ஏற்றவில்லை. குறைந்தபட்ச வில்லைகளை மட்டும் நகர்த்தினாள்.

காலேப்பும் அதே அளவு வைத்தான். அந்தச் சுற்றின் கட்டாயப் பந்தயத்தை முதலிலேயே வைத்துவிட்ட ஜெபகுமாருக்கோ கூடுதலாக ஒரு வில்லைகூடச் செலவில்லை.

"சும்மா கெடைக்கிறத ஏன்க்கா வுடணும்? நானும் கீறேன்" என்றான்.

நடுவில் ஒரு ராஜா, ஒரு ஏழு, ஒரு நாலு. காலேப்பின் கண் பளிச்சிட்டது. இருந்த வில்லைகளை எல்லாம் முன்னே தள்ளினான். ஜெபகுமார் யோசிக்காமல் ஒத்துக்கொண்டான். யூனிஸ் தன் ஏஸ்களைக் கவிழ்த்துப் போட்டு விலகினாள். அவனாவது ஜெயிக்கட்டும் என்று உள்ளுக்குள் ஜெபமே பண்ணினாள்.

காலேப் தன் ராஜாவைக் காட்டினான். ஒரு ஜோடி. ஜெபகுமார் ஒரு ஏழையும் நாலையும் திருப்பினான். இரண்டு ஜோடி. பிறகு விழுந்த சீட்டுகளும் காலேப்புக்கு உதவவில்லை.

"சாரிண்ணா. அக்கா கொஞ்சம் ஏத்தியிருந்தாக்கூட இந்தக் குப்பைய தூக்கிப் போட்டிருப்பேன்."

வெளியேறியவர்தான் சீட்டைக் கலைத்துப் போட வேண்டும் என்பது அங்கே வழக்கம். காலேப் சீட்டுகளை வாரினான். யூனிஸ் கவிழ்த்த இரண்டும் அவன் விரலில் புரண்டன. பார்த்தான். கலைக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

"ஏன் ஏத்தல?"

"நீங்க வெளிய போயிடுவீங்கன்னு…"

"இப்ப மட்டும் உள்ளயா இருக்கேன்?" குரல் உடைந்தது. "வீட்லயும் இதான். சிரிக்கிறதக்கூட என்னைப் பாத்ததும் நிறுத்திடற. வேலைதான் போச்சு யூனிஸ். நான் இன்னும் போகல."

ஜெபகுமார் டீ போடுகிற சாக்கில் நைசாக அடுக்களைக்குள் நழுவினான்.

யூனிஸுக்கு வெட்கமாக இருந்தது. அன்பு என்று நினைத்து இத்தனை மாதமாகத் தான் செய்தது அவனை ஒதுக்கி வைத்ததுதான் என்று அப்போதுதான் உறைத்தது.

"எனக்கு வைஸ் பிரின்சிபல் போஸ்ட் தர்றாங்க. வேணாம்னு சொல்லப்போறேன்."

"யாருக்காக?"

அவள் பார்வை அவன் கையிலிருந்த ஏஸ்களின் மேல் போயிற்று.

"சரி, உனக்கு வேணுமா வேணாமா?"

இதை அவளே தன்னிடம் கேட்டுக்கொண்டதில்லை.

"வேணும்" என்றாள். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "ரொம்ப வேணும்."

"அப்ப இப்பவே சொல்லு. எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். இருந்துட்டுப் போகட்டும்."

அங்கேயே, அவன் எதிரிலேயே, தாளாளரைப் போனில் அழைத்தாள். "சார், யூனிஸ் பேசறேன். அந்தப் பொறுப்ப நான் எடுத்துக்கறேன்." குரல் தணியவில்லை, தன் சந்தோஷத்தை அவள் ஒளிக்கவுமில்லை.

பேசி முடித்துத் திரும்பினாள். காலேப் அழுதுகொண்டிருந்தான். எப்போதும்போல அவள் பார்க்காத மாதிரி எழுந்துபோகவில்லை. நாற்காலியை இழுத்து, அவன் முகத்துக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள்.