ஆறாவது மூலை

மாமாவின் பட்டறையில் மாடிப்படிகளுக்குக் கைப்பிடி செய்கிறார்கள். அளவெடுத்து வந்ததைக் கணினியில் கோடுகளாக வரைவது என் வேலை. இரண்டு குழாய்கள் எந்த இடத்தில் சேரும் என்று ஒவ்வொரு மூலைக்கும் கையால் கணக்குப் போட்டு அலுத்துப்போய், வரைபட மென்பொருளுக்குள்ளேயே சின்ன நிரல் ஒன்றை எழுதினேன். இரண்டு கோடுகளைத் தொட்டுக் காட்டினால், அவை வெட்டும் புள்ளியைச் சொல்லிவிடும்.

மாமாவுக்கு நம்பிக்கை இல்லை.

"இந்த ஒரு வீட்டுக்குப் பார்க்கிறேன்மா. சரியா வரலைன்னா அதை மூட்டை கட்டி வச்சிட்டு, முன்னாடி போய் உட்காரு. ஃபோன் எடுக்க ஆளில்ல."

ஃபோன் என்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கணிதம் படித்ததே யாரோடும் அதிகம் பேச வேண்டியிருக்காது என்றுதான்.

ஐந்து மூலைகள் மளமளவென்று வந்தன. ஆறாவதில், படிக் கைப்பிடியும் மேல்தளக் கைப்பிடியும் சேரும் இடத்தில், 'வெட்டவில்லை' என்றது நிரல். மறுபடி தொட்டேன். அதே பதில்.

"என்னம்மா, குழாயை அறுக்கலாமா?" என்று வந்து நின்றார் வெல்டர் அண்ணன்.

"இருங்கண்ணா. ஒரு மூலை வரலை."

மாமா திரையை எட்டிப் பார்த்தார். "இதோ ஒண்ணு மேல ஒண்ணு நல்லா குறுக்க போகுதே! உன் ப்ரோகிராமுக்குக் கண்ணு தெரியலையா?"

"ஒரு கண்ணாடி வாங்கி மாட்டிவிடுங்க முதலாளி" என்றார் வெல்டர் அண்ணன்.

"சாப்பிட்டு வர்றோம். அதுக்குள்ள வரலைன்னா, கண்ணுக்குத் தெரியிற இடத்துல புள்ளி வச்சு அறுத்துடலாம்" என்றார் மாமா.

அவர்கள் போனதும் சூத்திரத்தைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். தப்பில்லை. கோடுகளின் எண்களைப் பார்த்தேன். நீளம், அகலம் சரி. மூன்றாவது எண், உயரம். அந்த மூலையில் ஒரு கோட்டுக்கு 3900 மில்லிமீட்டர். இன்னொன்றுக்கு 3860.

இவ்வளவு நேரமும் மேலிருந்தே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். படத்தைப் பக்கவாட்டில் திருப்பினேன். ஒரு குழாய் மற்றதைத் தொடாமல், மேலாகக் கடந்து போனது.

ஏன் என்று ஒருவருக்குத்தான் தெரியும். அளவெடுக்கும் டேப் அண்ணன். அவர் வேறொரு வீட்டில் இருந்தார். கேட்க வேண்டியதைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு எண்ணை அழுத்தினேன்.

"யாரு? சத்தமா பேசும்மா, இங்க டிரில் ஓடுது!"

"மேல்தளத்தை எப்போ அளந்தீங்க?" என்று கத்தினேன்.

"போன மாசம். படியைத்தான் போன வாரம் அளந்தேன்."

"நடுவுல மேல தரையில ஏதாவது போட்டாங்களா?"



"ஐயோ... டைல்ஸ் போட்டாங்கம்மா. பழைய அளவையே குடுத்துட்டேன். நாலு சென்டி ஏறியிருக்கும். உங்க மாமாகிட்ட என்னைப் போட்டுக் குடுத்துடாத."

மேல்தளக் கோட்டை நாற்பது மில்லிமீட்டர் உயர்த்தி, இரண்டையும் தொட்டேன். புள்ளி வந்தது. ஒரு முழு டம்ளர் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்தேன்.

திரும்பி வந்தவர்களிடம், "டைல்ஸ் போட்டதுல தரை உயர்ந்திருக்கு" என்று மட்டும் சொல்லி, படத்தைச் சாய்த்துக் காட்டினேன்.

வெல்டர் அண்ணன் தலையில் கை வைத்தார். "அறுத்திருந்தா ரெண்டு குழாயும் பழைய இரும்புக்குத்தான் போயிருக்கும் முதலாளி."

மாமா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெருமுனை வரைக்கும் ஒரு குரல் கேட்டுது. அது நீயா?"

தலையாட்டினேன்.

முன்னறையில் ஃபோன் அடித்தது. மாமா என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

"சரி சரி, நீ அடுத்த மூலையைப் பாரு" என்று சொல்லிவிட்டு அவரே போய் எடுத்தார்.