மஞ்சள் இலையைக் கிள்ளியவர்

காய்ச்சலில் நான் படுத்தது ஒரு தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, செடிகள் வளர்க்கும் கண்ணாடிக்கூடத்துச் சாவியை என் வீட்டுக்காரரிடம் கொடுத்தது.

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் பம்பு, மோட்டார் பழுதுபார்ப்பவர் அவர். சுத்தம் என்றால் உயிர். துண்டின் மடிப்பு கோணினால்கூட முகம் கோணும். "செடிக்கு உப்புத் தண்ணியை மட்டும் ஊத்துங்க, வேற எதையும் தொடாதீங்க" என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினேன்.

காய்ச்சல் விட்டுப் போய்ப் பார்த்தால், என் கோதுமைச் செடி குளித்துத் தலைசீவியதுபோல் நிற்கிறது. கீழே ஒரு மஞ்சள் இலைகூட இல்லை.

"பழுத்துத் தொங்கிட்டிருந்துச்சு, கிள்ளிப் போட்டேன். இப்ப எப்படி இருக்கு பாரு!" என்றார் பெருமையாக.

"ஐயோ, குடியைக் கெடுத்தீங்களே!"

நான் கலப்புச் செய்து வளர்த்த செடிகளில், உப்புத் தண்ணீரைக் குடித்துப் பிழைத்தது இது ஒன்றுதான். வேர் முடிந்தவரை உப்பைத் தடுக்கும். மீறி ஏறுவதைக் கீழே உள்ள கிழட்டு இலைகளில் கொட்டி வைக்கும். அவை பழுத்துச் சாகும், கதிருக்குச் சோறு போடும் மேல் இலை பச்சையாக இருக்கும். வேண்டாத சாமானைப் பரணில் போடுகிறோமே, அப்படி. இந்த மனுஷன் பரணையே இடித்துவிட்டார். இனி உப்பு மேலே ஏறினால் மணி பிடிக்காது. மணி இல்லையென்றால் விதை இல்லை, என் இத்தனை வருஷ உழைப்பும் இல்லை.

"நல்ல தண்ணி ஊத்தி மண்ணுல இருக்குற உப்பை அலசிடலாமா? யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் மெதுவாக.

சபலம் வந்தது நிஜம். குவளையைக்கூட எடுத்துவிட்டேன்.

"இதை நம்பி உப்பு நிலத்துல விதைக்கிறவங்க எந்தக் குழாயைத் திறப்பாங்க?" என்று எரிந்து விழுந்தேன். அவர்மேல் விழுந்தாலும் சொன்னது எனக்குத்தான். குவளையைக் கவிழ்த்து வைத்தேன்.

அதன்பின் வீட்டில் பேச்சு குறைந்தது. குழம்பில் உப்பு போட மறந்த அன்றும் அவர் வாய் திறக்கவில்லை. அந்த வார்த்தையைச் சொல்லவே பயம், பாவம். எனக்கோ தூக்கம் இல்லை. தினமும் விடிந்ததும் கூடத்துக்கு ஓடுவேன். மேல் இலையின் நுனியைப் பார்த்த பிறகுதான் மூச்சு வரும்.

ஒருநாள் அவர் எனக்கு முன்னால் அங்கே போய்விட்டு, வெளுத்த முகத்தோடு ஓடி வந்தார். "ஒரு இலை மஞ்சளாயிடுச்சு. நான் தொடல, சத்தியமா தொடல!"

"எது? மேலயா, கீழயா?"

நான் ஓடினேன்.

மேல் இலை பச்சை. அவர் விட்டுவைத்ததில் அடியில் இருந்த இலைதான் நுனியிலிருந்து பழுத்துக்கொண்டிருந்தது. செடி வேறொரு பரண் கட்டிக்கொண்டுவிட்டது. கதிரை விரலால் மெல்ல அழுத்தினேன். உள்ளே மணி தட்டுப்பட்டது. அடக்க முடியாமல் அழுதேன்.

அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார். "போச்சா?" என்றார்.

அவர் கையை இழுத்துக் கதிர்மேல் வைத்தேன்.

"தொட்டுப் பாருங்க."